வாசலைத் திறந்து வைப்பதா, நேரம் குறித்துக் கொடுப்பதா?

பிரிட்டனில் பல என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கென்று தனி அவசரக் கிளினிக் உண்டு. விபத்துப் பிரிவும் குடும்ப மருத்துவர்களும் அனுப்புகிறவர்களைப் பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவரே பார்ப்பார். கூட்டம் தாங்கவில்லை என்றால் என்ன செய்யலாம்?

அனுப்பியவரெல்லாம் நேரே வரட்டும் என்று விடுவது ஒரு வழி. அனுப்புகிறவருக்குச் சுலபம். ஆனால் குறும்பி அடைத்த காதுக்காரரும், விளையாடும்போது மூக்கில் அடிபட்ட சிறுவனும் ஒரே வரிசையில் காத்திருப்பார்கள். சிறுவனுக்கு மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் அன்றே வடிக்க வேண்டும். தாமதித்தால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு உள்வாங்கிவிடும். தினம் நாலைந்து பேர் மட்டுமே வரும் சிறிய மருத்துவமனைக்கு இந்த முறை போதும்.

இரண்டாவது, தொலைபேசியில் விசாரித்து நேரம் குறிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். காரணம், இந்தப் பிரிவில் ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், அது நரம்பு சார்ந்தது என்றால், ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். உடைந்த மூக்கெலும்போ நேர்மாறு: உள்ளே ரத்தக்கட்டு இல்லையென்று உறுதியானால், வீக்கம் வடிய ஐந்தாறு நாள் விட்டுப் பார்ப்பதே நல்லது, இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்திவிட வேண்டும். மூக்கில் பட்டன் பேட்டரி என்றால் கிளினிக் பேச்சே வேண்டாம், நேராக விபத்துப் பிரிவுதான். இதையெல்லாம் பிரிக்கிற கேள்விகள் அச்சிட்ட தாளாகத் தொலைபேசி அருகிலேயே இருக்கட்டும். நோயாளியின் காதில் உறிஞ்சுகுழாயை வைத்துக்கொண்டே இளம் மருத்துவர் அழைப்புக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். மூத்தவர் ஒருவர் அன்றன்று பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு மருத்துவரைச் சேர்ப்பது மூன்றாவது வழி. செலவு பிடிக்கும், மறுவருகைகளைக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்த இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். வெளிக்காது அழற்சிக்குத் திரி வைத்தவர் இரண்டு மூன்று நாளில் திரும்பி வருவார், பிறகு சுத்தம் செய்ய மறுபடியும் வருவார். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நுண்ணோக்கியுடன் இதைத் தனியாக நடத்த முடியும், பிரிட்டனில் நடத்துகிறார்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரப் பதிவேட்டைப் புரட்டுங்கள். யார் எதற்காக, நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தார்கள், எத்தனை பேர் மறுவருகை என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மறுவருகை என்றால், தொலைபேசி ஏற்பாட்டுக்கு முன்பே அந்தச் செவிலியரை நியமியுங்கள்.