உப்பு எங்கே சென்றது?

பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டது. அதன்பின் மரக்கன்று நடுதலும் ஊர்வலங்களும் பெருகின. அவற்றை நாம் குறை கூற வரவில்லை. எனினும், நெசவும் வேளாண்மையும் ஒருங்கே நடைபெறும் ஊர்களில் பிள்ளைகளுக்கு முதற்கண் கற்பிக்கத்தக்கது தண்ணீரின் கணக்கே என்பது நம் கருத்து.

நொய்யலின் கதையை அங்கத்தினர்கள் அறிவார்கள். பாசனம் அளிக்கும் நோக்குடன் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் வந்து தேங்கிற்று. அணையைத் திறக்க வேண்டாமென்று உழவர்களே வேண்டும் நிலை உண்டாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. வேலை இழந்தோர் பலர்.

சாயநீரின் நிறத்தைக் கண்டு அஞ்சும் நாம் அதிலுள்ள உப்பை நினைப்பதில்லை. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகையில் உப்புச் சேர்க்கிறோம். லிட்டருக்கு 50 கிராம் என்று கொண்டால், 100 லிட்டர் தொட்டிக்கு 5 கிலோ ஆகும். சாயம் நூலில் பற்றும். உப்போ நீரிலேயே நின்றுவிடும். சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டு நிறத்தை நீக்கலாம். தெளிந்த அந்நீரிலும் உப்பு இருக்கும். மணலில் வடித்தாலும் போகாது.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை, பல கிணறுகளிலிருந்து மாணவர்கள் கொணர்ந்த நீரை, கிணற்றுக்கு ஒரு லிட்டராக, எவர்சில்வர் பாத்திரங்களில் வற்றக் காய்ச்சியிருந்தார். ஓடையோரக் கிணற்று நீர் வற்றிய பாத்திரத்தில் வெண்பொருக்குத் தடித்திருந்தது. சாயத்தொட்டியில் வேலை செய்பவரின் மகள் நம்மிடம், "சங்கத்துல வாங்கற உப்பெல்லாம் எங்கீங்க போகுது?" என்று கேட்டாள்.

சரக்குப் பதிவேட்டில் அவ்வாண்டின் உப்புக் கொள்முதலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் நாமே. வரவு சரி; செலவும் சரி. செலவான உப்பு எங்கே சென்றதென்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், "படிக்கிற பிள்ளைகளுக்குச் சங்க விவகாரம் எதற்கு?" என்று சினந்தார். அக்கிணற்றுக்கு உரியவரும் சங்க அங்கத்தினரே என்பதை அவர் மறந்தார் போலும்.

இப்பாடத்தை எப்பள்ளியிலும் நடத்தலாம். காய்ச்சும் வேலை ஆசிரியருடையதாக இருக்கட்டும். பொருக்கு முழுவதும் சாயத்தொட்டி உப்பன்று. நிலத்தின் இயற்கை உப்பும் அதில் உண்டு. ஆகவே ஓடைக்கு எட்டாத மேட்டுக் கிணற்று நீரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் நன்று. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் இடந்தருகிறது. நகைக்கடைத் தராசு கிடைத்தால் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, ஒரு படியைச் சங்கத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

முற்கூறிய சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் அத்தகைய குறிப்பேடு வாசிக்கப்பட்டது. கழிவுநீரை ஓடையில் விடாது வெயிலில் ஆவியாக்கும் தொட்டிக்கான செலவு மதிப்பீடு குழுவின் முன் இருக்கிறது. சினந்த உறுப்பினர் இன்னும் ஒப்பவில்லை.