நம் முன்னோரை நாளும் அறிவோம்

குன்றாண்டார்கோவில் என்றதும் நம் நினைவுக்கு வருவன, பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும், அதன் முன்னே சக்கரங்களும் குதிரைகளும் கொண்டு தேர் வடிவில் நிற்கும் கல்மண்டபமும் ஆகும். பல்லவர் காலத்து எழுத்துகளை அக்கோயிலில் இன்றும் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் பெயர்களைக் கல் நமக்குச் சொல்கிறது. ஆனால் நம் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தாயார் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

நம் மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனால், பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன் தன் முன்னோரின் வரிசையைக் கல்லில் பொறித்திருப்பதைக் காணலாம். மூன்று விமானங்களுள் ஒன்றைத் தன் பெயராலும், மற்ற இரண்டைத் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் அவன் எடுப்பித்தான். அரசருக்குக் கல் இருந்தது. நாற்று நட்டும், களை பறித்தும், பிள்ளைகளை வளர்த்தும் மறைந்த நம் பாட்டிமாருக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டாமா?

பெண்களின் பெயர்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே பேரன் ஆயிற்று. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் ‘பெயர்த்தி’, அவளே பேத்தி. ஆக, பெயரைக் காப்பது பேத்தியின் கடமை என்பதை நம் தாய்மொழியே சொல்லி வைத்திருக்கிறது. எனினும், பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. பழைய பத்திரங்களில் ‘இன்னார் மனைவி’ என்றும், ஊர்ப் பேச்சில் ‘இன்னாருடைய அம்மா’ என்றும் குறிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

பெயர் மறைந்தால் உரிமையும் மறைய நேரும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டமாயிற்று. வாரிசுப் பட்டியலில் ஒரு மகளின் பெயர் விடுபட்டால் அவள் பங்கைக் கேட்பது எளிதாக இராது.

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச வரிசையோடுதான் தொடங்குகிறார். ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை, பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக மூன்று பகுதிகள். அதில் மரியன்னையைத் தவிர நான்கு பெண்கள் இடம்பெறுகின்றனர்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. இராகாபும் ரூத்தும் அயல் இனத்தவர். நால்வருள் எவரும் துன்பம் அறியாதவர் அல்லர். குலப் பெருமை பேசுவதற்காக முன்னோரைத் தேடவேண்டாம் என்பதற்கு இவ்வரிசையே சான்று. ஏழையாக இருந்தவரையும் இடறி விழுந்தவரையும் சேர்த்தே எழுதுவோம்.

எங்கே தேடுவது?

முதல் ஏடு வீட்டிலுள்ள பெரியவர்களே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்த நம் பாட்டிமார் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள்; நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ‘அம்மன் காசு செல்லுபடியான காலத்தில்’ என்றால், 1948-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைவதற்கு முற்பட்டது என்று கொள்ளலாம். ‘தனுஷ்கோடி அழிந்த வருஷம்’ என்றால் 1964. ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தோம்’ என்றால் பெரும்பாலும் 1942. பெரியவர் சொல்லும் நிகழ்ச்சியை முதலில் எழுதி, ஆண்டைப் பிறகு கணக்கிடுவோம்.

இரண்டாவது, ஆலயப் பதிவேடு. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேடு வைக்குமாறு பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், பங்கின் குடும்பக் கணக்கு, இறப்பு ஆகிய ஐந்துக்கும் ஏடுகளை வகுத்தது. திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் ஞானப் பெற்றோரின் பெயர்களும் எழுதப்படும். வேறெங்கும் கிடைக்காத ஒரு தாயின் பெயர் அங்கே கிடைக்கலாம்.

பழைய ஏடுகள் பல இலத்தீனில் உள்ளன. சூசை அங்கே ‘யோசேப்புஸ்’, இராயப்பன் ‘பேத்ருஸ்’, சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னேஸ்’. இதனை அறியாதவர் தம் பாட்டனாரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காணாமல் திரும்புவர். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர் குறிக்கும் நேரத்தில் சென்று, ஏட்டைச் சுத்தமான கைகளால் தொடவேண்டும்.

பிற சமயத் தோழியருக்கும் வழிகள் உண்டு. நகரத்தார் குடும்பங்களில் மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு ‘புள்ளி’. அது இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களுள் தத்தம் கோயிலில் பதிவாகும். இஸ்லாமியத் தோழியர் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்டறியலாம். எல்லோர்க்கும் பொதுவாக நிலப் பத்திரங்கள், பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், கல்லறைக் கற்கள், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியோரின் பயணப் பத்திரங்கள் ஆகியவை உள்ளன.

நாளுக்குக் கால் மணி நேரம்

இதனைக் கோடை விடுமுறைக்கு என்று ஒதுக்கினால் நடவாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியின் வரலாறு அதனால் நமக்குக் கிடைத்தது. சிறுகச் சிறுக எழுதியதே பெரிய நூலாயிற்று.

நமக்கும் கணக்கு எளிதே. பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர், அதற்கு மேல் எண்மர், அதற்கும் மேல் பதினாறு பேர். ஆக முப்பது பேர். நாளுக்கு ஒரு செய்தி சேர்த்தால், ஓராண்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் பன்னிரண்டு செய்திகள் சேரும்.

மாலை ஜெபமாலை முடிந்து குடும்பத்தார் கூடியிருக்கும் வேளை இதற்கு ஏற்றது. முன்பே உள்ள ஒரு பழக்கத்தோடு புதுப் பழக்கத்தைச் சேர்த்தால் அது நிலைக்கும். வாரத்தை இவ்வாறு பங்கிடலாம்:

திங்கள், செவ்வாய், புதன்: பெரியவரிடம் நாளுக்கு ஒரு கேள்வி மட்டும்.
வியாழன்: வீட்டிலுள்ள ஒரு பழைய தாளைப் படித்துக் குறிப்பெடுத்தல்.
வெள்ளி: கேட்டதையும் படித்ததையும் ஒப்பிடல்.
சனி: நோட்டில் திருத்தமாக எழுதுதல்.
ஞாயிறு: தொலைவிலுள்ள ஓர் உறவினருக்குக் கடிதமோ தொலைபேசியோ.

நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், திருமுழுக்குப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், பெற்றோர், பிறந்த ஊர், மணம், மக்கள், தொழில், இறப்பு என்று வரிசையாக எழுதுவோம். ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்று குறிப்போம். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவோம், ஒன்றை அழிக்கவேண்டாம். அனுமதி பெற்றுப் பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்வதும் நன்று.

‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ‘என்னத்தைச் சொல்ல’ என்பார்கள். ‘உங்கள் கல்யாணத்துக்கு யார் சமைத்தார்கள், பாட்டி?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பெயர்கள் தாமே வரும். சில கேள்விகளுக்கு அவர்கள் கண் கலங்கலாம். அப்போது நோட்டை மூடிவிட்டு அருகில் இருப்பதே முறை. இறந்த குழந்தைகளின் பெயர்களை அவர்களாகச் சொன்னால் மட்டும் எழுதுவோம்.

பெற்றோரை இழந்து விடுதியில் வளரும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் தம்மை வளர்த்தவர், சோறூட்டியவர், எழுத்தறிவித்தவர் பெயர்களிலிருந்து தொடங்கலாம். அன்பின் வழி வந்த உறவும் உறவே.

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், நாம் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தோருக்காக மன்றாடுகிறோம். அவர்களைப் பெயர் சொல்லி நினைப்பது எத்துணை நன்று! பெயர் அறிந்தவர் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். நாளை கேட்கலாம் என்று தள்ளிப் போடவேண்டாம். இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து, முதல் கேள்வியாக அவருடைய அம்மாவின் பெயரைக் கேட்போம்.