மருந்து முடியுமுன் வழியைப் பார்ப்போம்



வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு டொக்டர் எழுதிய மருந்தை ஒரு நாளும் தவறாமல் கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். ஆஸ்பத்திரி தூரமென்றால் ஆபத்து இன்னும் பெரிது. இதை விளங்கிக்கொள்ள நெடுந்தீவைப் பார்ப்போம்.

நெடுந்தீவில் ஒரு வைத்தியசாலை உண்டு. ஆனால், பெரிய சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் வர வேண்டும். முதலில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் சுமார் ஒரு மணி நேரம் படகுப் பயணம். பிறகு புங்குடுதீவு, வேலணை கடந்து தரைவழி. ஊர்காவற்றுறைக்கு ரோட்டு இருக்கிறது, நெடுந்தீவுக்குக் கடல்தான். காற்று பலத்தால் படகு ஓடாது. அவசர நோயாளிகளைக் கடற்படைப் படகில் கரைசேர்த்ததும் உண்டு. 1990 இலவச அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. ஆனால், அம்புலன்ஸ் கடலைத் தாண்டுமா?

நமக்குக் கடல் இல்லை, மலை இருக்கிறது. மண்சரிந்தால் ரோட்டு அடைபடும். கிளினிக் போனால் ஒருநாள் பேர் போகும். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. மருந்து முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கிளினிக் போவோம். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரமுடியுமா என்று டொக்டரிடம் கேட்போம்.

2. வலிப்பு நின்றுவிட்டதென்று நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு வேளை தவறினால், அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது.

3. கிளினிக் கொப்பியை எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைப்போம். பிள்ளை மடுவத்திலும் பள்ளிக்கூடத்திலும் நோயைச் சொல்லிவைப்போம். இதில் வெட்கம் இல்லை. இது பேயும் இல்லை, தொற்றுநோயும் இல்லை.

4. வலிப்பு வந்தால் மணி பார்க்க வேண்டும். தலைக்கடியில் துணி வைத்து, பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கவே வேண்டாம்.

5. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும், மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலும் உடனே 1990க்குப் பேசுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரோட்டு மோசமென்றால் தோட்ட வாகனத்தையும் கேளுங்கள்.

கடலையும் மலையையும் நம்மால் நகர்த்த முடியாது. மருந்துப் போத்தலில் எத்தனை நாளைக்கு இருக்கிறதென்று இன்று இரவே பார்த்துவிட முடியும்.