ஆங்கிலப் பாடம்: ஒத்த பொருளுடைய பெயர்ச்சொற்கள்

ஆங்கிலப் பரீட்சையில் ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு நெருங்கிய பொருளுடைய சொல்லை நான்கினுள் தேர்ந்தெடுக்கச் சொல்வதுண்டு. இதற்காக நம் பிள்ளைகள் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்து, மறுவாரமே மறந்துவிடுகின்றனர். கடையில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினால் மறவாது.

விலையை எடுத்துக்கொள்வோம். 'பிரைஸ்' என்பது வாங்குவோரிடம் நாம் கேட்கும் விலை. 'காஸ்ட்' என்பது வியாபாரக் கணக்கில் நமக்கு ஆகும் அடக்கம். 'ஃபேர்' என்பது பஸ், ரயில் கட்டணம். 'ஃபீ' என்பது டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது.

இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டினால் பரீட்சையில் ஒரு மார்க் போகும். வியாபாரத்திலோ நஷ்டம் பெரிது. 'பிரைஸ்' பட்டியல் கேட்ட வாடிக்கைக்காரருக்குக் 'காஸ்ட்' பட்டியலை அனுப்பினால், நம் அடக்கம் வெளியாகிவிடும் அல்லவா?

முற்றும் ஒத்தவையும் உண்டு. 'கோடவுன்', 'வேர்ஹவுஸ்' இரண்டும் சரக்கு வைக்கும் இடமே. முன்னது மலாய் 'கூடாங்' வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அதன் வேர் நம் 'கிடங்கு' என்பது அறிஞர் பலர் கருத்து.

பயிலும் முறை எளிது. நாளுக்கு இரண்டு சொற்கள் போதும். ஒன்றை வாக்கியத்தில் வைத்து எழுதுக. அதை எடுத்துவிட்டு மற்றதை வைக்குக. பொருள் மாறாவிடில் அவை ஒத்த சொற்கள்.

பயிற்சி: 'கஸ்டமர்', 'கிளையண்ட்', 'பாஸெஞ்சர்' ஆகியோர் முறையே யாரிடம் வருவோர்?

விடை: கடைக்காரர், வக்கீல், பஸ்காரர்.