ஆழ்கடலிலிருந்து வீட்டுத் திரைக்கு

சிலிம் ரிவரில் ஒரு வீடு. சனிக்கிழமை இரவு. படிவம் நான்கில் பயிலும் மகளும் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த அவளுடைய தந்தையும் ‘தி அபிஸ்’ என்னும் ஆங்கில அறிவியல் புனைவுப் படத்தின் புதிய பதிப்பைப் பார்த்து முடித்திருக்கிறார்கள்.

“படம் பளிச்சுனு இருக்குப்பா. போன வருஷம் எடுத்த மாதிரி,” என்றாள் மகள்.

“அதுதாம்மா எனக்கு ஒட்டல. நான் பார்த்தப்போ யார் முகமும் இப்படி மெழுகு பூசின மாதிரி இல்ல,” என்றார் தந்தை.

அவர் அந்தப் படத்தைச் சிறுவயதில், பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில் பார்த்தவர். ஒரே படத்தைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு கருத்துகள். யார் சொல்வது சரி என்று கேட்பதற்கு முன், இருவரும் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஜேம்ஸ் கேமரன் எழுதி இயக்கிய ‘தி அபிஸ்’ 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. மூழ்கிப்போன அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிச் செல்லும் எண்ணெய்த் துரப்பணப் பணியாளர்கள், கடலின் அடியில் வேற்றுலக உயிர்களைச் சந்திப்பதே கதை. தென் கரோலினா மாநிலத்தில், பாதியில் கைவிடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்தில் படப்பிடிப்பு நடந்தது. அணு உலைக்காகக் கட்டப்பட்ட பெருந்தொட்டியில் ஏறத்தாழ 75 லட்சம் கேலன் நீரை நிரப்பினார்கள். ஆழ்கடலில் சூரிய ஒளி எட்டாது அல்லவா? அந்த இருளைக் கொண்டுவர, நீரின் மேற்பரப்பில் கறுப்பு நெகிழி மணிகளை மிதக்கவிட்டார்கள். நடிகர்கள் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு நடித்தார்கள். கடல்நீரே ஒரு பாம்புபோல் எழுந்து மனித முகத்தைக் காட்டும் காட்சி மட்டும் கணினியால் உருவானது. திரையில் சுமார் 75 நொடியே வரும் அந்தக் காட்சிக்குப் பல மாத உழைப்பு தேவைப்பட்டது. 1990-இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

படத்தில் ஓர் எலி, ஆக்சிஜன் நிறைந்த திரவத்துக்குள் அமிழ்த்தப்பட்டு, அந்தத் திரவத்தையே சுவாசிக்கும். இது கணினி வித்தை அன்று. எலிகள் ஃபுளோரோகார்பன் திரவத்தைச் சுவாசித்து உயிர்வாழ முடியும் என்பதை அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க் 1966-லேயே காட்டியிருந்தார். படத்திலும் எலி உண்மையாகவே அதைச் செய்தது. விலங்கைத் துன்புறுத்தும் காட்சி என்று கருதி பிரிட்டனில் அதை வெட்டிவிட்டார்கள். ஆகவே, பிரிட்டனின் திரையரங்கில் படம் பார்த்தவரும் அமெரிக்காவில் பார்த்தவரும் பார்த்தது முழுக்க ஒரே படம் அன்று.

இதைவிடப் பெரிய வேறுபாடு முடிவில் இருக்கிறது. படம் நீண்டுவிட்டது என்பதால், திரையரங்குப் பதிப்பிலிருந்து ஒரு பெரும் பகுதி நீக்கப்பட்டது. போரை நோக்கிச் செல்லும் மனிதரை எச்சரிக்க, வேற்றுலக உயிர்கள் உலகின் கடற்கரைகளில் மலையளவு அலைகளை எழுப்பி, கரையைத் தாக்கும் முன் நிறுத்திவிடும் பகுதி அது. அது இல்லாததால், முடிவு சப்பென்று இருப்பதாக அன்றைய பார்வையாளர் பலர் குறைப்பட்டனர். அந்தக் குறை நியாயமானதே. காரணம் சொல்லப்படாமல் கதை முடிந்தால் யாருக்குத்தான் நிறைவு வரும்? நீக்கப்பட்ட காட்சிகளோடு, 171 நிமிட நீளத்தில் சிறப்புப் பதிப்பு 1993-இல் வெளிவந்தது. அதன் பிறகு, படத்தைக் குறைகூறிய சிலரே தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டனர்.

தந்தை வீடியோ நாடாவில் பார்த்தது திரையரங்குப் பதிப்பு. மகள் இப்போது பார்த்தது சிறப்புப் பதிப்பு. அலைக் காட்சியை அவரும் இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கு, கெடா, பேராக் கரைகளையும் தாக்கியது. மலேசியாவில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பின் பிறந்த மகளுக்கு அந்த அலை ஒரு வித்தை. அன்றைய செய்திகளைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்த தந்தைக்கு அப்படி இல்லை. காட்சி ஓடியபோது அவர் பேசவே இல்லை.

இனி, மெழுகு முகத்துக்கு வருவோம். 2000-இல் டிவிடி வந்தபோது, படம் பழைய சதுரத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைந்திருந்தது. பின்னாளில் வந்த அகலத் தொலைக்காட்சியில் அது நான்கு பக்கமும் கறுப்புப் பட்டையோடு நடுவில் சிறுத்துத் தெரிந்தது. நல்ல பதிப்பு கேட்டு விசிறிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தனர். இறுதியில் 2023 டிசம்பரில் இணையவழியாகவும் 2024 மார்ச்சில் வட்டாகவும் 4கே பதிப்பு வெளிவந்தது. நியூசிலாந்தின் பார்க் ரோட் போஸ்ட் நிறுவனத்தின் உதவியோடும் கேமரனின் ஒப்புதலோடும் அது உருவானது.

படச்சுருளில் எடுக்கும் படத்தில் நுண்ணிய மணித்துகள் அசைவதைக் காணலாம். சுருளின் மேல் பூசிய வெள்ளி உப்பின் தடம் அது. புதிய பதிப்பில் கணினி மென்பொருள் அந்தத் துகளைப் பெரிதும் நீக்கி, விளிம்புகளைக் கூராக்கியது. இருண்ட நீரில் எல்லாம் தெளிவாகத் தெரிவதாகச் சிலர் மகிழ்ந்தனர். தோலின் இயல்பான சொரசொரப்பும் சேர்ந்து மறைந்துவிட்டதாகச் சிலர் சினந்தனர். அதே சமயம் வெளிவந்த கேமரனின் ‘ட்ரூ லைஸ்’ படத்தின் மீதுதான் இந்தக் கண்டனம் கடுமையாக விழுந்தது. ‘தி அபிஸ்’ ஓரளவு தப்பித்தது. படைத்தவரே ஒப்புதல் தந்த மாற்றத்தைப் பார்வையாளர் மறுக்கலாமா? படம் அவருடையது. ஆனால், முப்பது ஆண்டுகளாக அதை மனத்தில் வைத்திருந்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

தந்தையின் கருத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வீடியோ நாடாவின் படத்தில் முகத்தின் சொரசொரப்பு தெரிய வாய்ப்பே குறைவு. கோடு ஓடும், நிறம் கசியும். அவர் புதிய படத்தைப் பழைய நாடாவோடு ஒப்பிடவில்லை, தம் நினைவோடு ஒப்பிட்டார். “முகம் மெழுகுபோல் இருக்கிறது” என்பதை நிறுத்திப் பார்த்துச் சோதிக்கலாம். “அந்தக் காலத்தில் நன்றாக இருந்தது” என்பதைச் சோதிக்க நாடா வேண்டும், அதை ஓட்டும் கருவியும் வேண்டும்.

மகள் தமிழ்மொழிப் பாடத்துக்குத் திரைவிமர்சனம் எழுத வேண்டியிருந்தது. “படம் மிகவும் தெளிவாக இருந்தது” என்று தொடங்கியவள், அதை அடித்துவிட்டு, எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம், எந்தத் திரையில் என்று முதல் வரியில் எழுதினாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்பா, அந்தப் பெரிய அலை வந்தப்போ ஏன் ஒண்ணும் பேசல?”

தந்தை சொல்லத் தொடங்கினார். அவள் எழுதிக்கொண்டாள்.