பந்து எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 12 வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆனால் சுவரை நெருங்கினால் கை வைக்காமலே நின்றுவிடுகிறான். “ஆண்டவன் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பான்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இப்போது கிரிக்கெட் ஆடியே தீருவேன் என்று அடம். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் சமதரையே கிடையாது. வாசலைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. அக்கா காலையிலேயே இலை பறிக்கப் போய்விடுவாள். கண் தெரியாத பிள்ளை பந்தாட முடியுமா? விடலாமா?
– ஒரு வாசகி, கட்டபெட்டு

பதில்: தாராளமாக விடலாம் அம்மா. ஆனால் ‘ஆண்டவன் கொடுப்பான்’ என்ற பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். கேட்க இதமாகத்தான் இருக்கும். அதை நம்பிவிட்டால் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

சுவர் முன்னால் அவன் நிற்கிறானே, அதை 1944-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு செய்தவர்களில் மைக்கேல் சூப்பா என்பவர் தாமே பார்வையற்றவர். எதிரே தடை இருப்பது முகத்துத் தோலில் உறைக்கிறது என்றுதான் அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். பார்வையற்றவர்களையும், கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர்களையும் ஒரு பலகையை நோக்கி நடக்கவிட்டார்கள். முகத்தைத் துணியால் மூடியபோதும் பலகை இருப்பது தெரிந்தது. காதை அடைத்ததும் நேரே போய் மோதினார்கள். காலடி ஓசை பட்டுத் திரும்புவதைத்தான் கேட்டிருக்கிறார்கள், கேட்கிறோம் என்று தெரியாமலே! 2021-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் வழி அறியும் வித்தையைப் பத்தே வாரத்தில் பார்வையுள்ளவர்களும் கற்றுக்கொண்டார்கள், வயதானவர்களும் கற்றார்கள். ஆக, உங்கள் பையன் காதில் இருப்பது பழக்கம். பழக்கம் என்றால் இன்னும் வளர்க்கலாம்.

இனி கிரிக்கெட். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்து கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே சைக்கிள் பால்ரஸ் மாதிரி குண்டுகள் கலகலக்கும். பந்துவீச்சாளர் “ரெடியா?” என்று கேட்க வேண்டும், மட்டையாளர் “யெஸ்” சொல்ல வேண்டும், “பிளே” என்ற குரலோடு பந்து வரும். கையைத் தாழ்த்தித் தரையோடு உருட்டிவிடுவார்கள்; பாதிப் பிட்ச்சுக்கு முன்பே அது தரையில் பட்டாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் மண்டிபோட்டு ஸ்வீப் அடிக்கிறார்கள். முழுப் பார்வையின்மை உள்ளவர் பி1 பிரிவு. அவர் எடுக்கும் ரன் இரட்டிப்பாகும், ஒரு முறை தரையில் எகிறிய பந்தை அவர் பிடித்தாலும் கேட்ச்தான். வெளிச்சம் தெரிந்தும் எதிரே நீட்டிய கையின் வடிவம் தெரியவில்லை என்றால் உங்கள் பையனும் பி1தான்.

இதில் நம் நாடு சாதாரண அணி இல்லை. முதல் உலகக் கோப்பை 1998-இல் டெல்லியில் நடந்தது, தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. பிறகு டி20 உலகக் கோப்பையை 2012, 2017, 2022 என மூன்று முறை இந்தியா வாங்கியது. பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பை 2025 நவம்பரில் கொழும்பில் முடிந்தது. இறுதியில் நேபாளத்தை வென்றது நம் பெண்கள் அணிதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்த ஆட்டங்களில் விதி பாதி ஆடுபவருக்கு, மீதி சுற்றி நிற்பவருக்கு. கோல்பால் என்றொரு ஆட்டம், மணி வைத்த பந்து, எல்லோருக்கும் கண்கட்டு. பந்து உருளும்போது அரங்கமே வாயை மூடியிருக்க வேண்டும். பார்வையற்றோர் கால்பந்தில் மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒருவர்தான் வழி சொல்லலாம்: கோல்கீப்பர், பயிற்சியாளர், எதிர் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி. நம் வீடுகளிலோ பிள்ளை எழுந்து நடந்தாலே பாட்டி, சித்தி, பக்கத்து வீடு என்று நாலு பேர் “பாத்து பாத்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் அவன் எதைக் கேட்பான்? ஒரு குரல் போதும். “இங்கே” என்று கை காட்டுவதும் உதவாது. “வலது பக்கம் ரெண்டடி” என்று சொல்லுங்கள்.

பந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய ரப்பர் பந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுங்கள், உருளும்போதெல்லாம் சரசரக்கும். திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ சணல் கயிற்றைத் தரையில் நீட்டி மேலே டேப் ஒட்டிவிட்டால் காலால் தடவிக் கோட்டைக் கண்டுபிடிப்பான். கோல்பால் மைதானத்திலும் கோடு போடுவது அப்படித்தான். சரிவு பக்கம் மட்டும் ஆட்டம் வேண்டாம். அங்கே பந்து உருண்டால் யார் போய் எடுப்பது என்ற சண்டையும் மிச்சம்.

சரிவைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். நடப்பதற்கு அதே சரிவு உதவி. உள்ளங்கால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லிவிடும், சமவெளிப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. கல் சுவர் ஓசையைப் பளிச்சென்று திருப்பும், தேயிலைப் புதர் மழுப்பும். கிட்டத்தில் தேயிலை ஃபேக்டரி இருந்தால் விசிறி இரைச்சலும் இலை காயும் வாசமும் எந்தத் திசை என்று காட்டும். உங்கள் ஊர் மூடுபனி அவனை ஒன்றும் செய்யாது. தகரக் கூரையில் அடைமழை விழும் நேரமும், காற்று வீசி அடிக்கும் நேரமும்தான் அவனுக்குச் சிரமம். அப்போது தனியே அனுப்பாதீர்கள். மற்ற நேரம் கையில் வெள்ளைக் கோல் இருக்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பந்து தொடும் முன் கண் மருத்துவரைப் பாருங்கள். விழித்திரை பலவீனமாகவோ கண் அழுத்தம் அதிகமாகவோ இருந்தால், தலையில் அடிபடக்கூடிய ஆட்டம் எது கூடாது என்று அவர்தான் சொல்ல முடியும். அதே வேளையில் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழும் வாங்கி, ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விளையாட்டுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். அக்காவையும் கூட்டிப் போங்கள். பையனிடம் டாக்டர் பேசும்போது நடுவில் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.