ஓரத்து நாற்காலிகள்: 'ஸ்டார் டிரெக்' தொடரின் துணைக் கதைமாந்தர் – ஓர் ஒப்பீடு

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்குத் 'துணைக் கதைமாந்தர்' என்ற சொல் புதிதன்று. சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் மனனம் செய்த விடை இதுதான்: முதன்மைக் கதைமாந்தரின் பண்புநலனை எடுத்துக்காட்டவும் கதையை நகர்த்தவும் துணைக் கதைமாந்தர் உதவுவர். இதை எழுதி, நாவலிலிருந்து இரண்டு சான்றுகளைச் சேர்த்தால் புள்ளிகள் வந்துவிடும். இந்த இலக்கணம் போதுமா என்ற ஐயம் எனக்கு நாவல் படிக்கும்போது எழவில்லை. பல்கலைக்கழக விடுமுறையில், சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மாமாவின் வீட்டு அலமாரியில் இருந்த டிவிடி பெட்டியைத் திறந்தபோதுதான் எழுந்தது. அப்பெட்டியில் இருந்த பழைய தொடரின் துணைக் கதைமாந்தர் சிலரை ஒப்பிட்டு, நாம் படித்த இலக்கணத்தை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் டிரெக்' 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை அமெரிக்காவின் என்பிசி நிலையத்தில் மூன்று பருவங்களாக, 79 பகுதிகளாக ஒளியேறியது. 'எண்டர்பிரைஸ்' என்ற விண்கப்பல் புதிய உலகங்களைத் தேடிச் செல்கிறது. வாரம் ஒரு கோள், வாரம் ஒரு சிக்கல். கப்பல் தலைவர் கெர்க், அறிவியல் அதிகாரி ஸ்பாக், மருத்துவர் மக்காய் ஆகிய மூவரே முதன்மை மாந்தர். தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும். முதற்பருவத்தில் கெர்க், ஸ்பாக் ஆகிய வேடங்களில் நடித்த இருவரின் பெயர்கள் மட்டுமே வரும். மக்காயாக நடித்தவரின் பெயர் இரண்டாம் பருவத்தில்தான் அங்கு இடம்பெற்றது. மற்றவர்களின் பெயர்கள் பகுதி முடிந்த பிறகே வரும். பெரும்பாலோர் தொலைக்காட்சியை அடைத்துவிட்டு எழுந்து போகும் நேரம் அது.

பெயரும் ஊரும்

நான் எடுத்துக்கொண்ட மாந்தரில் முதல்வர் கப்பலைச் செலுத்தும் சூலு. நடித்தவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் டக்கே. இரண்டாம் உலகப் போரின்போது, சிறுவனாக இருந்த அவரைக் குடும்பத்தோடு அமெரிக்க அரசே முள்வேலி முகாமில் அடைத்து வைத்திருந்தது. ஆசியா முழுவதற்கும் ஒரே பிரதிநிதியாக ஒரு பாத்திரம் வேண்டும், ஆனால் எந்த ஒரு நாட்டின் பெயராகவும் இருக்கக் கூடாது என்று ராடன்பெரி எண்ணினாராம். வரைபடத்தைப் பார்த்து ஒரு கடலின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். கடல் எல்லாக் கரைகளையும் தொடுகிறது என்பது காரணம். டக்கே பலமுறை கூறியுள்ள செய்தி இது. அந்தக் கடல் நமக்கு அந்நியமானதன்று. சபாவின் சண்டகான் நகரம் சூலு கடற்கரையில்தான் இருக்கிறது!

இரண்டாமவர் தகவல்தொடர்பு அதிகாரி உகுரா. நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. சுவாகிலி மொழியில் 'உகுரு' என்றால் விடுதலை. அதிலிருந்து பிறந்த பெயர். மூன்றாமவர் செக்கோவ், ரஷ்யர். இரண்டாம் பருவத்தில், 1967இல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பனிப்போரில் இருந்த காலத்தில் கப்பலுக்கு வந்து சேர்ந்தார்.

ஆக, சூலுவுக்குப் பின்னால் ஒரு கண்டம், உகுராவுக்குப் பின்னால் ஒரு கண்டம், செக்கோவுக்கு மட்டும் ஒரு நாடு. இந்த வேறுபாடு கதையிலும் தொடர்கிறது. செக்கோவ் வாய் திறந்தால் ஊர்ப்பெருமைதான். ஸ்காட்லாந்துக்காரர் குடிக்கும் விஸ்கியைக்கூட லெனின்கிராட்டைச் சேர்ந்த ஒரு கிழவிதான் கண்டுபிடித்தாள் என்பார். நகைச்சுவைதான் என்றாலும், தன் ஊர் இது என்று சொல்லி மகிழ அவருக்கு உரிமை இருக்கிறது. சூலுவுக்கும் உகுராவுக்கும் அந்த 79 பகுதிகளில் முழுப்பெயர்கூடக் கிடையாது. சூலுவின் முதற்பெயரான 'ஹிக்காரு' 1981இல் வெளிவந்த ஒரு நாவலில் சூட்டப்பட்டு, 1991ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. உகுராவின் 'நியோட்டா' திரையில் ஒலிக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவரை முழுப்பெயர் சொல்லி அழைக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

யாருக்காகச் செடி வளர்க்கிறார்?

நாம் படித்த இலக்கணப்படி, துணை மாந்தரின் ஒவ்வொரு செயலும் தலைவனைச் சார்ந்திருக்க வேண்டும். சூலுவைப் பாருங்கள். ஒரு பகுதியில் அவர் விண்வெளிச் செடிகளை வளர்க்கிறார். இன்னொன்றில் பழைய துப்பாக்கியொன்றைக் கண்டெடுத்துக் குழந்தைபோல் மகிழ்கிறார். 'தி நேக்கட் டைம்' பகுதியில் தொற்றுநோயால் நிதானம் இழந்து, சட்டையில்லாமல் வாளை உருவிக்கொண்டு கப்பல் முழுக்க ஓடுகிறார். இவற்றில் எதனாலும் கெர்க்கின் பண்புநலன் விளங்கிவிடுவதில்லை. சூலு தமக்காகவே செடி வளர்க்கிறார். அக்காலத்து அமெரிக்கத் திரையில் ஆசியர் என்றால் வேலைக்காரர் அல்லது எதிரி. இவரோ ஐரோப்பிய வாள்வீச்சு தெரிந்தவர், கெர்க் இல்லாதபோது கப்பலுக்கே தலைமை தாங்குபவர். இரண்டாம் பருவத்தில் வேறொரு திரைப்படத்துக்காக டக்கே சில வாரங்கள் வராதபோது, அவர் இடத்தைச் செக்கோவ் நிரப்பினார். துணை மாந்தரின் நாற்காலி ஒரு வாரம்கூடக் காலியாக இருப்பதில்லை என்பதையும் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உகுராவின் நிலைதான் மூவரிலும் கடினமானது என்பது என் கருத்து. அவர் நாற்காலி கெர்க்கின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அண்டத்தின் எந்த மூலையிலிருந்து செய்தி வந்தாலும் முதலில் கேட்பவர் அவர்தான். ஆனால் கேட்டதைத் தலைவரிடம் சேர்ப்பதோடு அவர் பங்கு பல வாரங்களில் முடிந்துவிடும். அவருக்குத் திறமை இல்லாமலில்லை. 'ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்' பகுதியில் பழுதான கருவியை அவரே பழுதுபார்க்கிறார்; எளிதில் எவரையும் புகழாத ஸ்பாக், இவ்வேலைக்கு இவரைவிடத் தகுந்தவர் இல்லை என்கிறார். அப்படியிருந்தும் அந்த மூன்று பருவங்களில் ஒரு முறைகூடக் கப்பலின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. அந்த வாய்ப்பு 1973இல், ஓவியப்படத் தொடரில்தான் வந்தது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது 1967இல் ஒளியேறிய 'தி சேஞ்ச்லிங்' என்ற பகுதி. விண்ணிலிருந்து வந்த ஓர் இயந்திரம், உகுரா பாடுவதைக் கேட்டுக் குழம்பி, அவர் நினைவிலிருந்த அறிவனைத்தையும் துடைத்துவிடுகிறது. கப்பலின் தாதி அவருக்கு அரிச்சுவடியிலிருந்து ஆங்கிலம் கற்றுத் தருகிறார். ஓர் எளிய சொல்லைப் படிக்கத் தடுமாறும் உகுரா சட்டென்று சுவாகிலியில் பேசிவிடுகிறார். எல்லாம் அழிந்த பிறகும் அந்த மொழி மட்டும் வாயில் நிற்கிறது. சில நொடிகளே வரும் காட்சி. நான் நிறுத்தி மீண்டும் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள், கணக்கை மனத்துக்குள் தமிழில் போட்டு விடையை மலாயில் எழுதிய நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்ந்தவர்களுக்கு இக்காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், பகுதியின் இறுதியில் மருத்துவர் வந்து, உகுரா கல்லூரி நிலைக்கு வந்துவிட்டார், ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவார் என்கிறார். அவ்வளவுதான்! அடுத்த பகுதிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கெர்க்கின் துயரம் நமக்குக் காட்டப்படுகிறது. உகுராவின் துயரம் பதிவேட்டில் ஒரு வரியாகிவிடுகிறது. முதன்மைக்கும் துணைக்கும் உள்ள வேறுபாடு வசனத்தின் எண்ணிக்கையில் இல்லை, ஒருவருக்கு நேர்ந்ததைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா என்பதில் இருக்கிறது என்று நான் எண்ணுவது இதனால்தான்.

வசனமே இல்லாதவர்

இந்த அளவுகோலைக் கடைசிப் படிவரை கொண்டு சென்றால் லெஸ்லி என்பவரிடம் வந்து நிற்போம். எடி பாஸ்கி என்ற நடிகர் ஏற்ற இந்த வேடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளில் வருகிறது. செக்கோவைவிட அதிக முறை! காவலுக்கு நிற்பார், பொத்தானை அழுத்துவார், நடைவழியில் கடந்து போவார். வசனம் விரல்விட்டு எண்ணக்கூடியது. 'ஒப்செஷன்' என்ற பகுதியில் அவர் இறந்துபோகிறார். அதே பகுதியில் பிறகு உயிரோடு நிற்கிறார். அவர் இறந்ததைக் கதையே மறந்துவிட்டது.

படிவம் இரண்டில் பள்ளி நாடகமொன்றில் எனக்குக் கிடைத்த வேடத்தின் பெயர் 'காவலர் 2'. காவலர் 1, என்னோடு தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நண்பன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே வசனம். அதையும் ஒத்திகையில் நீக்கிவிட்டார்கள். ஆகவே லெஸ்லி மீது எனக்குச் சற்றுக் கூடுதல் பரிவு உண்டு என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நாற்காலியை விட்டு எழுந்தால்

முதற்பருவம் முடிந்ததும் தொடரை விட்டு விலகிவிட நிக்கல்ஸ் முடிவு செய்திருந்தார். அச்சமயம் ஒரு நிகழ்ச்சியில் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தம் குடும்பமே அத்தொடரைப் பார்ப்பதாகக் கூறி, விலக வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டாராம். இதை நிக்கல்ஸே பல மேடைகளில் கூறியிருக்கிறார். அவர் தொடர்ந்து நடித்தார். எழுத்தாளர்கள் அதற்காக வசனத்தைக் கூட்டிவிடவில்லை. ஆனால் 1977 முதல், பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கத் தூண்டும் நாசாவின் முயற்சியில் அவரே முன்னின்றார். 1992இல் விண்ணுக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சிறுவயதில் உகுராவைப் பார்த்து வளர்ந்தவர். தலைவனின் பண்புநலனை எடுத்துக்காட்ட உதவினார் என்று உகுராவைப் பற்றி விடை எழுதினால், இவை எங்கே போய்ச் சேரும்?

தமிழிலும் இதற்கு இணையுண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கதையின் நாயகி நிலா. ஆனால் படித்தவரிடம் கேட்டால் முதலில் ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் சொல்வார். அடுத்து வந்த கதையின் தலைப்பே 'மீண்டும் ஜீனோ' ஆயிற்று. ஜீனோ தானாகச் சிந்திக்கத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்பேன். எசமானுக்கு வாலாட்டுவதோடு நின்றிருந்தால் அதன் பெயர் தலைப்பில் ஏறியிருக்காது.

இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் ம்பெங்கா 79 பகுதிகளில் இரண்டில் மட்டுமே வந்தவர். ஸ்பாக்கின் இனத்தாரின் உடற்கூற்றைத் தனியே கற்றவர். மக்காய்க்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அந்த ஒரு தனியறிவு போதுமானதாக இருந்தது. 2022இல் தொடங்கிய 'ஸ்டிரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்' தொடரில் அவர் முதன்மை மாந்தருள் ஒருவர். கடந்தகாலமும் உண்டு, அதை அவர் மறக்கவும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்கள் 79 பகுதிகளையும் பார்க்க வேண்டியதில்லை. சூலுவுக்கு 'தி நேக்கட் டைம்', செக்கோவுக்கு 'தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்', ம்பெங்காவுக்கு 'எ பிரைவேட் லிட்டில் வார்', உகுராவுக்கு 'தி சேஞ்ச்லிங்' ஆகிய நான்கு போதும். ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். லெஸ்லியைத் தேடுவோர் எந்தப் பகுதியையும் எடுக்கலாம். சிவப்புச் சட்டையில் எங்காவது ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.